ஒருத்தர் துணி

வாஷிங் மெஷின் டமடமவென்று சுவரை இடித்துக்கொண்டிருந்தது. அவள் அதன் எதிரே முக்காலியைப் போட்டு, கைப்பேசியைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. இந்த உரையாடல் பதிவு செய்யப்படும்” என்றது கம்பெனியின் பதிவுக் குரல். நீ முக்கியம் என்று அவளிடம் யாராவது சொல்லி மாசக்கணக்காகிறது. பொய்யென்று தெரிந்தும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரு பெண் எடுத்தாள். இவள் வாயே திறக்காமல் வைத்துவிட்டாள். மறுபடி போட்டதில் ஜலதோஷக் குரலில் ஒருத்தர் வந்தார், அவருக்கும் அதே கதிதான். பிடிவாதத்தில் இவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மூன்றாவதாக வந்த குரல் நிதானமாக இருந்தது. “வணக்கம். சொல்லுங்க, என்ன பிரச்சனை?”

சட்டென்று எழுந்து நின்றாள். “மெஷின் ஒரு மாதிரி சத்தம் போடுதுங்க.”

எதிர்முனையில் ஒரு செருமல். “என்ன மாதிரி சத்தம் மேடம்?”

“நீங்களே கேளுங்க.” போனை மெஷின் பக்கம் நீட்டிவிட்டு, அடுத்த நொடியே பதறிப்போய்க் காதுக்குக் கொண்டுவந்தாள். “வெச்சுடலையே?”

“கஸ்டமர் வைக்காம நாங்க வைக்கக் கூடாது மேடம். அது இங்க ரூல்.”

“நல்ல ரூல்” என்றாள்.

“துவைக்கிறப்ப வருதா, பிழியறப்ப வருதா?”

“பிழியறப்பதான். வீடே அதிருது. ஆனா அதுகூடப் பரவால்ல. மெஷின் நின்னதும் வீடு கப்சிப்னு ஆயிடுது பாருங்க, அதைத்தான் தாங்க முடியல.”

அதற்கான பதிலைக் கம்பெனி எழுதிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. குரல் கொஞ்சம் தடுமாறிவிட்டு வேலைக்குத் திரும்பியது. “பின்னாடி இடது காலுக்கு அடியில ஒரு அட்டைய மடிச்சு வெச்சிருக்குமே, அது நழுவியிருக்கா பாருங்க.”

மெஷினை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். “நழுவித்தான் கெடக்கு. ஒருத்தர் தூக்கிப் பிடிச்சாத்தானே இன்னொருத்தர் அதைச் சொருக முடியும்?”

“சரி. உள்ள எவ்வளவு துணி போட்டிருக்கீங்க?”

“ஒரு போர்வை. ரெண்டு சுடிதார். ஒரு தலகாணி உறை.”

“அவ்வளவுதானா?”

“ஒருத்தர் துணி வேற எவ்வளவு இருக்கும்?”

எதிர்முனையில் வேறு யார் யாரோ யார் யாருக்கோ வணக்கம் சொல்வது மட்டும் தூரத்தில் கேட்டது. அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

“மெஷின்ல கோளாறு எதுவும் இல்ல மேடம்.” குரல் இப்போது இறங்கியிருந்தது. “குடும்பத்துக்குன்னு செஞ்ச மெஷின் அது. இவ்வளவு கம்மியா போட்டா, எல்லாம் ஒரே பக்கமா ஒதுங்கிக்கும். அப்புறம் நிலைகொள்ளாம ஆடும், சுவத்துல முட்டிக்கும்.”

“அது பாவம் வேற என்ன பண்ணும்?” என்றாள். சாதாரணமாகச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள், முடியவில்லை. “போன்ல சொன்னா இது சரியாகாதுங்க. ஆள் வந்தாத்தான் ஆகும். அனுப்புவீங்களா, மாட்டீங்களா?”

இதைக் கேட்கத்தான் காலையிலிருந்து இந்தப் பாடு. கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

“இன்னைக்கு சாயங்காலம் ஆள் வரும் மேடம்” என்றது குரல், கம்பெனிப் பணிவெல்லாம் கரைந்துபோய். பிறகு பதிவாகிக்கொண்டிருப்பது ஞாபகம் வந்ததுபோல அவசரமாகச் சேர்த்துக்கொண்டது: “கம்ப்ளெய்ன்ட் பதியணும். அட்ரஸ் சொல்லுங்க.”

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அட்ரஸ் எதுக்கு? கோவிச்சுக்கிட்டுப் போறப்ப வீட்டுச் சாவியையும் எடுத்துட்டுத்தானே போனீங்க!”