கொஞ்சத்துக்குக் கால் ரெண்டு

வாத்துக் கூட்டம் ஒன்று வாய்க்காலை நீந்திக் கடந்து மறுகரை ஏறியது. முன்னால் போன கிழட்டுச் சேவல் வாத்து கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பெரும்பாலும் வந்தாச்சு, நடங்க" என்றது.

செவலைப் பெட்டைக்கு அந்தப் 'பெரும்பாலும்' காதில் முள்ளாய்த் தைத்தது. "அப்ப மிச்சம்?" என்று கேட்டது.

"மிச்சம் கொஞ்சம் இருக்கும். மதகு திறக்கிற நேரம், வெள்ளம் வந்துடும். கொஞ்சத்துக்காக எல்லாரும் நிக்க முடியுமா?"

"அந்தக் கொஞ்சத்துக்குக் கால் ரெண்டு, அலகு ஒண்ணு இருக்கும்ல அண்ணே? அது யாருன்னு கேக்கிறேன்."

யாருக்கும் தெரியவில்லை. செவலை விடுவதாயில்லை. "நேத்துப் பட்டியில யாரோட ஒட்டிக்கிட்டுத் தூங்கினீங்களோ, அவங்க பக்கத்துல போய் நில்லுங்க" என்று அதட்டியது.

கூட்டம் கசமுசவென்று கலைந்து ஜோடி ஜோடியாக நின்றது. ஒரு புள்ளி வாத்து மட்டும் தனியாக விழித்தது. "ஐயோ, எங்க பூவழகியைக் காணோமே!"

"எல்லாருமாப் போய்த் தேடணும்" என்றது கிழடு.

"ஆமாமா, எல்லாரும் தேடணும்" என்றது கூட்டம். ஒரு காலும் நகரவில்லை.

செவலை தண்ணீரில் குதித்தது. கோரைப் புல்லுக்குள் பூவழகி தூண்டில் நரம்பு காலில் சுற்றிக்கொள்ளத் தவித்துக் கிடந்தது. அலகு வலிக்க வலிக்க இழுத்து, செவலை அந்தச் சிக்கை எடுத்தது. இரண்டும் கரையேறவும் வெள்ளம் பாய்ந்து வரவும் சரியாக இருந்தது.

"எல்லாரும் என்னைத் தேடினீங்களாக்கா?" என்று மூச்சு வாங்கக் கேட்டது பூவழகி.

செவலை இறக்கையை உதறிக்கொண்டது. "எல்லாரும் வருத்தப்பட்டாங்கடி. தேடினது நான்தான்."