காக்கை மேடம் கொடுத்த லைசென்ஸ்

அந்தக் காட்டில் பறப்பதற்கு லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி ஒரு காக்கை. அதன் கெடுபிடிக்குப் பருந்துகள்கூடப் பயப்படும்.

அன்று ஓர் இளம் குயில் சோதனைக்கு வந்தது. ஜிவ்வென்று மேலே ஏறி வட்டமடித்தது. இறங்கும் முன் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கிளையை நோட்டம் விட்டு, அலுங்காமல் வந்து உட்கார்ந்தது.

காக்கைக்கு ஒரே குஷி. "அடடா! இறங்கறப்போ இப்படித் தலை சாய்ச்சுப் பார்க்கற பழக்கம் எங்க வீட்டுல மட்டும்தான் உண்டு. யார்கிட்ட கத்துக்கிட்டே?"

குயில் தயங்கியது. "உங்ககிட்டதான் அம்மா. நான் உங்க கூட்டுலதானே வளர்ந்தேன். முதல்முதலா கூவின அன்னிக்குத் துரத்திட்டீங்க."

அடுத்து சோதனைக்குக் காத்திருந்த மைனா துள்ளிக் குதித்தது. "மேடம், சொந்தப் பிள்ளைக்குச் சோதனை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே விதி போட்டீங்க? இந்தச் சோதனை செல்லாது!"

காக்கை குயிலை ஏற இறங்கப் பார்த்தது. "எங்கே, ஒருதரம் கூவு."

குயில் கூவியது. காடே ஒரு கணம் நின்று கேட்டது.

"கேட்டியா மைனா? இந்தக் குரலுக்கும் எனக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?"

மைனா தன் கிளைக்குத் திரும்பியது. காக்கை லைசென்ஸைக் காலால் நகர்த்திக் கொடுத்தது. குயில் முகம் வாடி அதை எடுத்துக்கொண்டது.

காக்கை அதன் பக்கம் குனிந்து கிசுகிசுத்தது: "இருட்டறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடு. உன் இடத்துல இன்னும் யாரையும் படுக்க விடலை."