கூட்டிச் சொன்ன சொல்

"ஓகே," என்றாள் றெபேக்கா ஆங்கிலத்தில். அவ்வளவுதான்.

யோகராணி அதைத் தமிழில் சொன்னாள். "ஓம் அம்மா, வடிவாச் சாப்பிட்டனான். நீங்கள் சாப்பிட்டிட்டீங்களோ?"

வேலை பழகுவதற்காக அதே லைனில் ஹெட்செட்டோடு இருந்த நிலாணி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். யோகராணியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தொலைபேசி மொழிபெயர்ப்பு நிலையம் அது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் என்று எங்கெங்கிருந்தோ கோல் வரும். இது கிழமைக்கு ஒருதரம் வருகிற கோல். ஒரு பக்கம், வோபர்னில் தனியாக இருக்கும் தாய் பேர்ணடெற். மறுபக்கம், விட்பியில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தோடு வளரும் அவளுடைய எட்டு வயது மகள் றெபேக்கா. தாய் கனகாலம் வருத்தமாகப் படுக்கையில் கிடந்தபோது அரசாங்கம் அங்கே விட்ட பிள்ளை. தாய் எழும்பிவிட்டாள். பிள்ளையைத் திருப்பி எடுக்க இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. அதற்குள் பிள்ளைக்குத் தமிழ் போய்விட்டது.

"என்ர குஞ்சுக்கு அம்மாவை ஞாபகம் இருக்கோ எண்டு கேளுங்கோ."

யோகராணி ஆங்கிலத்தில் கேட்டாள். பிள்ளையின் பக்கம் ரீவி ஓடிக்கொண்டிருந்தது.

"ஐ கெஸ். கான் ஐ கோ நவ்?"

"இருக்கம்மா. படுக்கேக்க உங்களைத்தான் நினைக்கிறனான். இப்ப வைக்கட்டே? போட்டு வாறன் அம்மா."

தாய் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரி ராசாத்தி."

லைன் நின்றதும் நிலாணிக்குப் பொறுக்கவில்லை.

"அன்ரி... பிள்ளை அப்பிடிச் சொல்லேல்லையே."

"எப்பிடி?"

"அம்மா எண்ட சொல்லே அதின்ர வாயில வரேல்லை."

யோகராணி ஹெட்செட்டைக் கழற்றினாள். "டொக்டர் சொன்ன குளிசையில ஒண்டைக் கூட்டிச் சொன்னனானோ? வழக்கில ஆரையும் மாட்டிவிட்டனானோ? உது தாயும் பிள்ளையும் கதைக்கிறது."

"எண்டாலும் பொய்தானே?"

"ஓம், பொய்தான்," என்றாள் யோகராணி. "தேத்தண்ணி குடிக்க வாறீரே?"

நிலாணி அதிகம் வாய் திறக்காதவள். அதோடு விட்டிருப்பாள். ஆனால் அடுத்த நாள் மனேஜர் நடாஷா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கனடாவில் பிறந்த நடாஷாவுக்குத் தமிழ் அரைகுறை.

"கோர்ட் கோல் எல்லாம் யோகராணி அன்ரிக்குக் குடுக்கிற பிளான். பேர்மனென்ட் வேலை. யூ சிற் நெக்ஸ்ட் டு ஹேர், ரைட்? அவவை நம்பலாமா? பீ ஒனெஸ்ட், ஓகே?"

நம்பலாமா? பஸ் தவறிய பனி நாளில் நிலாணியைத் தன் காரில் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டவள் யோகராணி. ஆனால் பிள்ளை சொல்லாததைப் பிள்ளை சொன்னதாகச் சொல்கிறவள். இன்றைக்கு ஒரு 'அம்மா'வைச் சேர்க்கிறவள், நாளைக்கு ஒரு சாட்சியின் வாயில் எதைச் சேர்ப்பாளோ?

நிலாணி சொல்லிவிட்டாள்.

நிரந்தர வேலை யோகராணிக்குக் கிடைக்கவில்லை. பேர்ணடெற்றின் கோலும் நிலாணியின் கைக்கு மாறியது.

"சொல்லிப்போட்டீர் என்ன?" என்று மட்டும் கேட்டாள் யோகராணி. குரலில் கோபம் இல்லை. "சரி, உண்மையைத்தானே சொன்னனீர். அந்தக் கோல் எடுக்கேக்க பக்கத்தில கண் துடைக்க ரிஷூ வச்சிரும்."

அந்தக் கிழமை நிலாணி ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"பள்ளிக்கூடம் எப்பிடி எண்டு கேளுங்கோ," என்றாள் பேர்ணடெற்.

"குட்."

"நல்லம்," என்றாள் நிலாணி.

"இண்டைக்கு என்ன விளையாடினவா?"

"நத்திங்."

"ஒண்டுமில்லை."

"அம்மாவைப் பாக்க ஆசையா இருக்கோ?"

ரீவியில் யாரோ சிரித்தார்கள். "ஐ டோன்ட் நோ."

நிலாணி அதையும் அப்படியே சொன்னாள். "தெரியாது."

"ஓகே, பை."

"சரி, பை."

பிள்ளை வைத்துவிட்டது. லைனைத் துண்டிக்க நிலாணி கையை நீட்டினாள்.

"வச்சிடாதேங்கோ தங்கச்சி," என்றாள் பேர்ணடெற். "மற்ற அக்காவுக்குச் சுகமில்லையோ?"

"அவ சுகமாத்தான் இருக்கிறா. இனி இந்தக் கோலுக்கு நான்தான் வருவன்." நிலாணி தயங்கினாள். "அக்கா, மறைக்க விருப்பமில்லை. அவ, பிள்ளை சொல்லாததையும் சேர்த்துச் சேர்த்துச் சொன்னவ. அதாலதான் மாத்தினவை. எங்களை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பேர்ணடெற் மெல்லச் சிரித்தாள்.

"அது எனக்கு முதல் நாளே தெரியும் தங்கச்சி. நானும் அதே லைன்லதானே நிக்கிறன். இங்கிலீஸ் கதைக்கத்தான் வராது, கேட்டால் விளங்கும். பிள்ளை ஒரு சொல்லுச் சொல்லும், அந்த அக்கா ஒரு பந்தி சொல்லுவா."

"தெரிஞ்சுமோ? பின்னை ஏன் நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"



"சொன்னால், அவ நிப்பாட்டிப்போடுவாவெல்லோ."