காதுக்குக் காவல்

மத்தியானச் சாப்பாடு முடித்து ஒரு மனிதன் அசந்து தூங்கினான்.

"காலில் உட்காருடி. வேர்வை வாசனை தூக்கலா இருக்கும், கைக்கும் எட்டாது" என்றாள் மூத்த கொசு.

அவளுடைய ஓரகத்தியான இளைய கொசுவுக்குச் சந்தேகம் தட்டியது. நல்ல இடத்தை இவளாவது, விட்டுக்கொடுப்பதாவது!

"அந்த வாடை எனக்கு ஆகாதுக்கா" என்று நைசாக நழுவினாள். மூத்தவள் ஒருநாளும் போகாத காதுப் பக்கம் பறந்தாள். அங்கேதான் எதையோ ஒளித்துவைத்திருக்கிறாள்.

'ஙொய்' என்று ஒரு சுற்றுதான் சுற்றியிருப்பாள். பளாரென்று அறை விழுந்தது. ஒரு கால் போய், உயிர் மட்டும் தப்பியது.

சுவரில் ஒட்டி மூச்சு வாங்கியபடி கீழே பார்த்தாள். மனிதனின் கணுக்காலில் மூத்தவள் வயிறு சிவக்கக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பவே நினைச்சேன்! இவ்வளவு பெரிய கையைக் காவலுக்குப் போட்டிருக்கான்னா, நல்ல ரத்தமெல்லாம் காதிலதான் இருக்கு."

மீதி ஐந்து கால்களோடு மறுபடியும் காதுக்கே கிளம்பினாள்.