கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு நெஞ்சு

தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் ரொசாரியோவுக்கு மாரடைப்பு வந்து, இதயத்தின் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. அவருடைய கைத்தோலில் எடுத்த செல்களை ஆய்வகத்தில் இதயத்தசையாக வளர்த்தார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் அது தானாகத் துடிப்பதைப் பார்த்த மனைவி ஜெசிந்தா, தொடக் கை நீட்டி, சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இது அவரோடதுதானா, டாக்டர்?"

"அவரோடதுதாம்மா. நாளைக்கு உள்ளே வச்சுத் தைச்சிருவோம்."

ஒரு வருடம் கழித்து, டாக்டர் சரி சொன்ன பிறகு, ரொசாரியோ மறுபடி கடலில் குதித்தார். படகில் இருந்த ஜெசிந்தா வாய்விட்டு எண்ணினாள். எழுபதைத் தாண்டியும் அவர் தலை தெரியவில்லை. அவள் படகின் விளிம்பில் குனிந்து எண்ணிக்கொண்டே இருந்தாள். தொண்ணூறில் தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே வந்தார். இரண்டு கையிலும் சங்கு.

"நெஞ்சு வலிக்குதா?" என்று அலறினாள்.

"துளிகூட இல்லடி! இதைப் பிடி, இன்னொரு முங்கு போட்டுட்டு வாரேன்!"