கடைசிச் செம்பு

உலகத்தின் கடைசிச் செம்பு நல்ல தண்ணீருக்காக மனிதர்கள் அடித்துக்கொள்ளும் காட்சி. ஒரு நாவலிலிருந்து எடுக்கிற படம். தருவைகுளத்து உப்புக் குவியல்களில் வெயில் மஞ்சளாகச் சாய்கிறது. அது இறங்கிவிட்டால் மிச்சப் படப்பிடிப்பு நாளைக்குத்தான். தினமும் இதே பாத்தியில் உப்பு வாருகிற பேச்சிச்செல்வி, படத்துக்காக முகமெல்லாம் கரி பூசிக்கொண்டு, மூன்றாம் முறையாகச் செம்பைப் பிடுங்குகிறாள். அண்ணாந்து, உதடு படாமல் இரண்டு மடக்கு குடிக்கிறாள். கை தானாகவே பக்கத்திலிருப்பவளிடம் செம்பை நீட்டிவிடுகிறது. “கட்” என்கிறார் டைரக்டர். “குடுக்கக் கூடாதும்மா. எடுத்துக்கிட்டு ஓடணும்.” “அவளும் வெயில்லதான சார் நிக்கா” என்கிறாள் பேச்சிச்செல்வி. கரி பூசிய முகங்கள் எல்லாம் சிரிக்கின்றன. கத்திக் கத்தி டைரக்டருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. அவள் செம்பை அவரிடம் நீட்டுகிறாள். “தூக்கிக் குடிங்க சார். பின்னால ஆளு இருக்கு.”