வாழையடியில் வந்த மிச்சம்

“அடுப்புக்குப் போனது போக மிச்சம்…” என்று தொழுவத்துக் கிழட்டுக் காளை ஏதோ சொல்லும். மண்புழுவுக்கு மீதி மறந்துவிட்டது.

சாண எரிவாயுக் கலனிலிருந்து வழிந்த கரைசல் வாழையடியில் வந்து தேங்கியது.

“வாயு எல்லாம் அடுப்புல எரிஞ்சாச்சு. இனி நீ வெறும் சக்கைதானே?” என்று சிரித்தது வரப்பில் சாய்ந்திருந்த யூரியா மூட்டை.

“எரிஞ்சது வாயுதான் அண்ணே. பயிருக்கான சத்து என்கிட்டயே இருக்கு. இந்த வெயில்ல திறந்து கிடந்தாத்தான் அதுவும் பறந்துடும்” என்றது கரைசல்.

மண்புழு ஓரமாக ஒரு வாய் ருசித்தது.

“என்னப்பா, சக்கைதானே?” என்றது மூட்டை.

“உங்க பக்கம் வந்தா உடம்பு எரியுது அண்ணே. இது மோர் குடிச்ச மாதிரி இருக்கு.”

வெயில் ஏறியது. மண்புழுவுக்கும் அது ஆகாது. ஆனாலும் வளைக்குள் போகாமல், வாழைச்சருகுகளை ஒவ்வொன்றாக இழுத்துவந்து கரைசலை மூடியது.